அகலிகையை எந்த அலமாரியில் வைப்பது?

மதுரையில் எங்கள் தெருவில் ஒரு சின்னப் படிப்பகம் இருக்கிறது. வைகைக்கு வடகரையில், ஒரு மாடி வீட்டின் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமைதோறும் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குவது என் வேலை. சமய நூல்களுக்கு ஓர் அலமாரி, கதை, நாவல்களுக்கு இன்னோர் அலமாரி. பெரிய நூலகங்களிலும் இதே பிரிவினைதான். தசம வகைப்பாட்டில் சமயத்துக்கு 200, இலக்கியத்துக்கு 800 என்று எண்ணே தனித்தனி.

சென்ற மாதம் உதவிக்கு வந்த கல்லூரி முதலாண்டு மாணவி, அடுக்கச் சொன்ன புத்தகத்தை அடுக்காமல் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். புதுமைப்பித்தனின் சிறுகதைத் தொகுதி. 'சாபவிமோசனம்' கதையை முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "அத்தை, இதில் வருகிற அகலிகை ராமாயணத்து அகலிகைதானா? அப்படியென்றால் இது சாமி புத்தகமா, கதைப் புத்தகமா? எங்கே வைக்கட்டும்?"

"கதையில் வை" என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் பக்கத்துச் சமய அலமாரியில் கம்பராமாயணம் இருந்தது. அந்தக் கம்பனும் வால்மீகி சொன்ன கதையைத் தன் போக்கில் மாற்றிச் சொன்னவன்தானே? அவனுக்கு மட்டும் அங்கே இடம் ஏன்? அவளுக்கு நான் சொன்ன பதில் அரைகுறை என்பது அன்று இரவே உறுத்தியது. மீதிப் பாதிதான் இந்தக் கட்டுரை. இந்த வகை எழுத்தை இதுவரை படித்திராதவர்களும் தொடரும்படி எழுதுகிறேன்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். ஒரு புனித நூலை வேறு மொழிக்கு உள்ளபடி கொண்டுவந்தால் அது மொழிபெயர்ப்பு. அதன் பொருளை விளக்கினால் உரை. கதையைச் சுருக்கியோ விரித்தோ, போக்கு மாறாமல் சொன்னால் மறுகூறல். கோவில் மண்டபத்தில் உபன்யாசகர் செய்வது பெரும்பாலும் இதுதான். கதையின் ஆட்களையும் நிகழ்ச்சிகளையும் எடுத்துக்கொண்டு, மூலத்தில் இல்லாத ஒன்றை, ஒரு மனநிலையையோ ஒரு கேள்வியையோ வேறொரு முடிவையோ, எழுத்தாளர் தன் கற்பனையால் உண்டாக்கினால் அது மறுபுனைவு. தொன்ம மறுவாசிப்பு என்றும் சொல்கிறார்கள். இந்தச் சொற்களுக்கு நடுவே கறாரான வேலி கிடையாது. நல்ல உபன்யாசகர் ஒருவர் சீதையின் அழுகையை விவரிக்கும்போது எந்த இடத்தில் வேலி தாண்டினார் என்று கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது.

அகலிகை கதையையே எடுத்துக்கொள்வோம். இதைப்போல வசதியான பாடம் வேறில்லை. அதன் ஒரு நுனி நம் ஊரிலேயே இருக்கிறது.

வால்மீகியில் இந்திரன் கௌதம முனிவரின் வேடத்தில் வருகிறான். வந்தவன் இந்திரன் என்று அகலிகைக்குத் தெரிகிறது. தெரிந்தே, தேவராஜன் மேல் எழுந்த ஆவலால் இணங்குகிறாள். கௌதமரின் சாபத்தில் அவள் கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் படாமல், காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து தவம் செய்ய வேண்டும் என்பதே சாபம். ராமன் ஆசிரமத்துக்குள் வந்ததும் சாபம் நீங்குகிறது. ராமனும் லட்சுமணனும் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். இந்த இடத்தை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த ராமாயணத்தில் ராமனின் கால்தான் அவள் மேல் படும்.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது? தமிழில் அதற்குப் பழைய சாட்சி ஒன்று சங்க நூலான பரிபாடலில் இருக்கிறது. நப்பண்ணனார் பாடிய 19ஆம் பாடல், மதுரையிலிருந்து மக்கள் திருப்பரங்குன்றத்துக்குப் போவதைச் சொல்கிறது. குன்றத்தில் ஓவியங்கள் தீட்டிய மண்டபம் ஒன்று. வந்தவர்களில் சிலர் படத்தைக் காட்டி இவர் யார், அவர் யார் என்று கேட்கிறார்கள். சிலர் பதில் சொல்கிறார்கள். அதில் ஒரு பதில்: "இந்திரன் பூசை, இவள் அகலிகை, இவன் சென்ற கவுதமன், சினன் உறக் கல்லுரு ஒன்றியபடி இது." பூசை என்றால் பூனை. இந்திரன் பூனையாகி நழுவுகிறான், முனிவர் சினக்கிறார், அவள் கல்லாகிறாள். வால்மீகியில் பூனையும் இல்லை, கல்லும் இல்லை. நாம் பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் போய்ச் சேரும் குன்றத்தில் அவை அன்றே சுவரில் இருந்திருக்கின்றன.

பிறகு கம்பன். அவனிடமும் பூனை உண்டு, கல் உண்டு, ராமனின் பாதத்தூசி பட்டு அவள் எழுவதும் உண்டு. ஆனால் கம்பன் அவளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறான். தவறு நிகழும்போது, வந்தவன் யார் என்று உணர்கிறாள், உணர்ந்த பின்னும் 'தக்கது அன்று' என்று விலகவில்லை என்கிறான். அவள் கல்லிலிருந்து மீண்ட பின் விசுவாமித்திரன் கௌதமரிடம் "நெஞ்சினால் பிழைப்பு இலாளை" ஏற்றுக்கொள் என்கிறான். மனத்தால் பிழை செய்யாதவள் என்கிறான். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். என் எண்ணத்தில், கம்பனுக்கு மூலக்கதை சொன்னதை மறைக்க மனமில்லை, அவளைக் கைவிடவும் மனமில்லை. மறுபுனைவு பிறக்கும் இடம் இதுதான். கையில் வாங்கிய கதையை அப்படியே கொடுக்கவும் முடியாமல், விட்டுவிடவும் முடியாமல் ஒருவர் தவிக்கும் இடம்.

அடுத்து 1943. புதுமைப்பித்தனின் அகலிகை சாபம் நீங்கிய பிறகும் ஊராரின் பார்வையில் நிம்மதி இல்லாமல் வாழ்கிறாள். ராமன் மேல் மட்டும் அவளுக்கு மாறாத நம்பிக்கை. வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீயில் இறங்க நேர்ந்ததை அவளிடம் சொல்கிறாள். தன்னைப் பிழையிலிருந்து மீட்ட அதே ராமன், பிழையே இல்லாதவளை இப்படிக் கேட்டானா? அகலிகையால் தாங்க முடியவில்லை. மீண்டும் கல்லாகிறாள்.

இந்த முடிவு எந்த ராமாயணத்திலும் இல்லை. ஆனால் ராமாயணம் இல்லாமல் இந்த முடிவும் இல்லை. தீக்குளிப்பு தெரியாதவருக்கு இந்தக் கதையில் எதுவுமே புரியாது. தெரிந்தவருக்கோ அந்தக் கல் நெஞ்சில் வந்து விழும். புதுமைப்பித்தன் செய்ததெல்லாம், மூலத்தில் தூரத்தில் இருந்த இரண்டு பெண்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசவிட்டதுதான். பாலகாண்டத்தில் ஒருத்தி, யுத்தகாண்டத்தில் ஒருத்தி. இருவரும் சந்தித்தால் என்ன பேசியிருப்பார்கள் என்ற ஒரு கேள்விக்குள் இத்தனை இருக்கிறது.

மறுபுனைவின் முதல் வேலை மௌனத்தைக் கேட்பது. புனித நூல்கள் குறைவாகப் பேசுகின்றன. யார் என்ன செய்தார் என்று சொல்லும்; செய்யும்போது அவர் உள்ளம் எப்படி இருந்தது என்று பெரும்பாலும் சொல்லாது. இதற்குக் கிறித்தவ மரபிலிருந்தும் ஒரு சான்று உண்டு. இயேசுவை வளர்த்த சூசையப்பர் நற்செய்தி நூல்கள் நான்கிலும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுந்து சொன்னபடி செய்கிறார், அவ்வளவுதான். அந்த மௌனமான மனிதரைத் தலைவராக வைத்து 3600க்கு மேற்பட்ட பாடல்களில் 'தேம்பாவணி'யைப் பாடினார் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்து மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்த சேசு சபைத் துறவி. யூத நாட்டைப் பாடும்போது அவர் தமிழ்க் காப்பிய முறைப்படி நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்குகிறார். அந்த நூலை மறுபுனைவு என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். பக்தி என்றே சொல்லியிருப்பார். பக்தியும் கற்பனையும் எதிரிகள் என்று நினைப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

நம் ஊர்ப் புட்டுத் திருவிழாவும் அப்படி விரிந்த கதைதான். மாணிக்கவாசகர் "கலிமதுரை மண்சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு" என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார். பின்னால் வந்த பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது 61ஆவது படலமாக முழுக்கதை ஆகிறது: துணைக்கு ஆளில்லாத வந்தி, அவள் விற்கும் பிட்டு, அடைபடாத வைகைக் கரை, கூலியாளாய் வந்து வேலை செய்யாமல் ஆடிப்பாடித் தூங்கும் இறைவன், அரசன் கைப் பிரம்படி, அந்த அடி எல்லா உயிர் மேலும் விழுவது. ஆவணியில் புட்டுத்தோப்புக்குப் போகும் கூட்டத்தில் நின்றால், அந்தக் கிழவியின் தனிமைக்காகத்தான் பாதிப் பேர் கண் கலங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

மறுபுனைவின் இன்னொரு வழி, பார்க்கும் கண்ணை மாற்றுவது. மலையாளத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் மகாபாரதத்தைப் பீமனின் கண்ணால் எழுதினார். தமிழில் 'இரண்டாம் இடம்' என்று வந்திருக்கிறது. அதே போர், அதே சூதாட்டம். எப்போதும் அண்ணனுக்கு அடுத்தவனாகவே நின்ற ஒருவன் சொல்லும்போது அது வேறு பாரதமாகிவிடுகிறது. புதிதாகப் படிக்க வருபவர்கள் பலர், கெட்டவனை நல்லவனாகக் காட்டுவதுதான் இந்தக் கலை என்று நினைக்கிறார்கள். ராவணனையும் துரியோதனனையும் தூக்கி நிறுத்திவிட்டால் நாவல் முடிந்தது என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அதில் எனக்கு நிறைவில்லை. தராசுத் தட்டுகளை இடம் மாற்றிவைப்பதால் எடை புதிதாக எதுவும் தெரிவதில்லை. பீமன் கெட்டவனும் இல்லை, மறக்கப்பட்டவனும் இல்லை, சரியாகப் பார்க்கப்படாதவன். அவனைப் பார்ப்பதற்குத்தான் கலை தேவைப்படுகிறது.

இதெல்லாம் எழுத்தாளர்கள் அறைக்குள் உட்கார்ந்து செய்யும் காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. மதுரைச் சீமையில் மறுபுனைவு தெருவிலேயே நடந்திருக்கிறது. புதுமண்டபத்துக் கடைகளில் பெரிய எழுத்துப் புத்தகமாக விற்ற 'அல்லி அரசாணி மாலை'யைப் பாருங்கள். அல்லி மதுரையை ஆண்ட ராணி. ஆண் துணை வேண்டாதவள். அர்ச்சுனன் கண்ணனின் உதவியால் பாம்பாகி அவள் அறைக்குள் புகுந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். விழித்தவள் வெகுண்டு படை எடுக்கிறாள். வியாச பாரதத்தில் இப்படி ஓர் அல்லி இல்லை. அர்ச்சுனன் தீர்த்த யாத்திரை போனான் என்று பாரதம் சொன்னது. அப்படியானால் மதுரைக்கு வராமலா இருந்திருப்பான் என்று நம் மக்கள் கேட்டிருக்கிறார்கள். வந்தவனை எளிதில் ஜெயிக்கவும் விடவில்லை. அல்லியின் கோபத்தைக் கேட்டு வளர்ந்த பாட்டிகள் இன்றும் அடங்காத பெண்ணை "அல்லி ராஜ்ஜியம்" என்கிறார்கள். அதைத் திட்டாகச் சொன்னாலும் குரலில் ஒரு பெருமை ஒட்டிக்கொண்டிருக்கும்.

சித்திரைத் திருவிழா இதைவிடப் பெரிய சான்று. அழகர் ஏன் வைகைக்கு வருகிறார்? தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்க வருகிறார் என்பது தலபுராணம். தேனூர் மண்டபத்தில் அது இன்றும் நடக்கிறது. ஆனால் ஆற்றுக்குள் நிற்கும் லட்சக்கணக்கானவர்களிடம் கேட்டால், தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வந்தார், வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது, கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமலே திரும்பிவிட்டார் என்பார்கள். இரண்டு கோவில்களின் விழாக்கள் திருமலை நாயக்கர் காலத்தில் ஒரே மாதத்தில் சேர்ந்தன என்று சொல்வார்கள். ஆனால் விழாக்களைச் சேர்த்துவைப்பது வேறு, மனங்களைச் சேர்த்துவைப்பது வேறு. இரண்டாவதைச் செய்தது அந்தக் கதை. தாமதமாக வந்த அண்ணன், காத்திருக்காத கல்யாண வீடு. இதை அறியாத குடும்பம் எது? தொ. பரமசிவன் தம் அழகர் கோயில் ஆய்வில் இந்த வழக்குக் கதையைத் தலபுராணத்துக்குக் குறைந்ததாக நடத்தவில்லை. அந்த நூல் மதுரைக்காரர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது.

இந்த இடத்தில்தான் எனக்கு அலமாரிக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது. கோவிலில் கருவறை உண்டு, மண்டபம் உண்டு. கருவறையில் சொல் மாறக்கூடாது; மந்திரத்தில் ஓரெழுத்தை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை, மாற்ற ஆசைப்படுவதும் தவறு. மண்டபத்தில் உட்கார்ந்து பேசலாம், படம் பார்க்கலாம், இவள் யார் என்று கேட்கலாம், எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று சொல்லலாம். பரங்குன்றத்தில் அகலிகையைக் காட்டி விளக்கிய அந்தப் பெயர் தெரியாத மனிதர் மண்டபத்தில்தான் நின்றார். மறுபுனைவின் இடம் அது. கருவறைக்கு அது போட்டி போடுவதில்லை. போட்டால் அடி வாங்கும், வாங்கவும் வேண்டும். ஆனால் அது கோவிலுக்கு வெளியேயும் இல்லை.

மண்டபத்தில் சொன்னது சில நேரம் உள்ளே போய்விடுவதும் உண்டு. சேது அணைக்கு மணல் சுமந்த அணில் வால்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் "சலமிலா அணிலம்" என்று அதைப் பாடினார். திவ்வியப் பிரபந்தத்தோடு சேர்ந்து அதுவும் வேதமாகிவிட்டது. லட்சுமணன் கிழித்த கோடும் இப்படித்தான். வால்மீகியில் தேடினால் கிடைக்காது, கம்பனில் தேடினால் கிடைக்காது, நம் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. கம்பன் தன் ராவணனைச் சீதையைத் தீண்டவிடாமல், பர்ணசாலை இருந்த நிலத்தோடு பெயர்த்து எடுக்கவைத்தான். இன்று தமிழருக்கு அதுதான் ராமாயணம். எங்கள் படிப்பகத்தில் கம்பன் சமய அலமாரியில் இருப்பதற்குக் காரணம் காலமும் மக்களின் ஏற்பும். எழுதியவர் விண்ணப்பம் போட்டு வாங்கக்கூடிய இடம் அது அன்று.

எதிர்ப்பும் பழையது. வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பன் சேர்த்தபோது, ராமாயணத்தில் இரணியனுக்கு என்ன வேலை என்று திருவரங்கத்தில் கேட்டார்கள் என்றும், அங்கே கோயில் கொண்ட நரசிம்மரான மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஒப்புதல் கொடுத்தார் என்றும் ஐதீகம். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் மாமியார் தினமும் சுந்தரகாண்டம் படித்தவர். 'சாபவிமோசன'த்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் என் ராமனிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வராது" என்றார். நம்புகிறவரின் மனம் புண்படுவது பொய்யான உணர்ச்சி இல்லை. எழுத வருகிறவர் அந்த மனத்தை அறிந்திருக்க வேண்டும். எல்லைக்கோடு எல்லா மரபிலும் ஒரே இடத்தில் இல்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இஸ்லாத்தில் நபிமார்களைப் புனைகதைப் பாத்திரங்களாக்குவதைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை. அந்த விருப்பத்தை மதிப்பதே முறை. இத்துடன், எந்த மதத்தைத் தொட்டாலும், கதையைக் கதை என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். 'உண்மையில் நடந்தது இதுதான், இத்தனை காலம் மறைத்துவிட்டார்கள்' என்று அட்டையில் போட்டு விற்கும் புத்தகங்களை எங்கள் படிப்பகத்துக்கு நான் வாங்குவதில்லை. அது கற்பனைக்கும் துரோகம், வரலாற்றுக்கும் துரோகம்.

ஆனால் கேள்வி கேட்பதே பாவம் என்று யாராவது சொன்னால், மதுரையில் அது எடுபடாது. இறைவனே எழுதிக் கொடுத்த பாட்டில் குற்றம் கண்ட நக்கீரரை, அதே இறைவனின் புராணம் தனக்குள் வைத்துப் போற்றுகிறது. நெற்றிக்கண் எரித்தது, பொற்றாமரைக் குளம் ஏந்திக்கொண்டது, பின்பு அருளும் கிடைத்தது. கிராமத் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும், பிறகு வள்ளிக்கும் வேடனாய் வந்த முருகனுக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்டிருக்கிறீர்களா? முருகனையே மடக்கும் வள்ளிக்குக் கைதட்டுகிறவர்கள்தான் விடிந்ததும் அதே முருகனுக்குக் காவடி எடுக்கிறார்கள். இரண்டிலும் அவர்கள் முழுமனத்தோடு இருக்கிறார்கள்.

படிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் வழி எளியது. முதலில் மூலத்தைப் படியுங்கள், சுருக்கமாகவாவது, உரையோடாவது. மூலம் தெரியாமல் மறுபுனைவைப் படித்தால், புதிதாகச் சொன்னது எது, பழையது எது என்று பிரித்தறிய முடியாமல் நாவலையே புராணமாக நம்பிவிடுவோம். பிறகு ஒரே ஆளைப் பின்தொடருங்கள். அகலிகையை வால்மீகியிலும், பரிபாடலிலும், கம்பனிலும், புதுமைப்பித்தனிடமும் படிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஒவ்வொன்றிலும் எது மாறியது என்று பாருங்கள். மாற்றிய இடத்தில் எழுத்தாளர் எதைத் தாங்கமுடியாமல் மாற்றினார் என்று கேளுங்கள். அவர் காலமும், அவர் ஊரும், அவர் மனமும் அங்கேதான் தெரியும்.

அந்தப் பெண்ணிடம் அடுத்த ஞாயிறு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். 'சாபவிமோசனம்' கதை அலமாரியிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். புதுமைப்பித்தனும் அங்கே இருக்கத்தான் விரும்பியிருப்பார். ஆனால் அவள் ஒரு சீட்டில் "அகலிகை: பாலகாண்டம் பார்க்க" என்று எழுதி அந்தக் கதையின் முதல் பக்கத்தில் வைத்தாள். இன்னொரு சீட்டில் "சாபவிமோசனம் பார்க்க, பக்கத்து அலமாரி" என்று எழுதிக் கம்பராமாயணத்தில் அகலிகைப் படலம் வரும் இடத்தில் செருகினாள். அல்லி அரசாணி மாலைக்கு எந்த அலமாரி என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அது இப்போது மேசைமேல் இருக்கிறது. வருகிறவர்கள் எடுத்துப் படிக்கிறார்கள்.